இறுகிய எந்திரத்தைக் கட்டி இழுக்காதீர்கள்

நெடுங்காலம் ஓடாமல் கிடந்த பழைய மகிழுந்தின் எந்திரம் இறுகிவிட்டால் நம் நாட்டில் பெரும்பாலும் இரண்டு வைத்தியங்களே சொல்லப்படுகின்றன. வண்டியைக் கியரில் போட்டு, இன்னொரு வண்டியால் கட்டி இழுத்து, கிளட்சைப் படாரென விடுவது ஒன்று. எந்திரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டு ஜப்பானிய எந்திரம் ஒன்றை வாங்கிப் பொருத்துவது மற்றொன்று. முன்னது முழுத் தவறு. பின்னது பெரும்பாலும் அவசரம். இதுவே என் கருத்து.

என் மாணவன் ஒருவனின் தந்தையார் அண்மையில் இதே கேள்வியோடு வந்தார். அவருடைய தந்தை விட்டுச் சென்ற மோரிஸ் மைனர் வீட்டின் பின்புறக் கொட்டகையில் பல்லாண்டுகளாக நிற்கிறதாம். பட்டறையில் சொன்னது "கட்டி இழுங்கள், இல்லையேல் மாற்றுங்கள்" என்பதுதான். அவருக்குச் சொன்னதையே பிற பெற்றோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

மோரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. பின்னாளில் மினி மகிழுந்தை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வடிவமைத்தவர். 1971 வரை 10 இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாயின. நம் பக்கத்தில் அதிகம் காணப்படுபவை 948 அல்லது 1098 சிசி எந்திரம் கொண்டவை. வார்ப்பிரும்புச் சிலிண்டர்கள், அலுமினியப் பிஸ்டன்கள். இந்த எளிமையே நமக்கு நம்பிக்கை தருவது.

எந்திரம் ஏன் இறுகுகிறது? நான்கு சிலிண்டர்களில் ஏதேனும் ஒன்றிரண்டின் வால்வு திறந்த நிலையிலேயே எந்திரம் நிற்கும். அதன் வழியே நம் நாட்டு ஈரக்காற்று உள்ளே போகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள மெல்லிய ரிங்குகள் துருப்பிடித்துச் சிலிண்டர்ச் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. நான்கு பிஸ்டன்களும் ஒரே கிராங்க் தண்டோடு பிணைக்கப்பட்டவை என்பதால், ஒன்று ஒட்டினாலும் நான்கும் நின்றுவிடும். ஆக, பலரும் 'செத்துப்போனது' என்று கருதும் எந்திரத்தில் உண்மையில் நோயுற்றிருப்பது ஒரே ஒரு சிலிண்டராக இருக்கலாம்.

ஓடாமல் கிடந்து இறுகுவது வேறு; ஓடும்போதே எண்ணெய் வற்றியோ சூடேறியோ இறுகுவது வேறு. பின்னதில் உலோகமே உருகித் தேய்ந்திருக்கும். எண்ணெய் ஊற்றிப் பயனில்லை, பிரித்துத்தான் ஆகவேண்டும். எனவே, கடைசியாக அந்த வண்டி எப்படி நின்றது என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். தாத்தா தாமே ஓட்டிவந்து நிறுத்தினார் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. சில வேளைகளில் எந்திரம் இறுகியே இருக்காது. ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரம் பிளைவீலின் பற்களில் சிக்கிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட்டர்த் தண்டின் பின்முனையிலுள்ள சதுரப் பகுதியை ஸ்பேனரால் திருப்பினால் விடுபட்டுவிடும். இதைச் சோதிக்காமலேயே எந்திரத்தை மாற்றச் சொல்வது, கண்ணைச் சோதிக்காமலேயே பிள்ளைக்கு வாசிக்க வராது என்று முத்திரை குத்துவது போன்றது. ஆசிரிய நண்பர்களுக்கு இது புரியும்.

கட்டி இழுப்பதை நான் கடுமையாக எதிர்ப்பதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ முக்கால் டன் எடையுள்ள வண்டி உருளும் வேகம் முழுவதும், துருவில் ஒட்டிய ஒரு மெல்லிய ரிங்கின் மீது பாய்கிறது. ரிங் உடையும், பிஸ்டன் விளிம்பு பெயரும், கனெக்டிங் ராடு வளையவும் கூடும். "சுற்றிவிட்டது பார்!" என்று கைதட்டும் அந்த நொடியில் உள்ளே சிலிண்டர்ச் சுவரில் கீறல் விழுந்துகொண்டிருக்கும். இலவசமாய்ச் சரியாகியிருக்க வேண்டியது பெருஞ்செலவாய் முடியும்.

செய்ய வேண்டியது என்ன? மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிவிட்டு, நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுங்கள். சிறு கைவிளக்கால் உள்ளே பாருங்கள். துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு மூன்று கரண்டி ஊற்றுங்கள். ஆட்டோ கியர் எண்ணெயையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து ஊற்றுவோரும் உண்டு. அசிட்டோன் சட்டெனத் தீப்பற்றும், வண்ணப்பூச்சையும் கெடுக்கும். ஆகவே திறந்த வெளியில், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. பின்னர் காத்திருங்கள். ஒரு நாளல்ல; ஒரு வாரம், தேவையானால் மூன்று வாரம். நாள்தோறும் கொஞ்சம் ஊற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, முன்புறக் கைப்பிடிக் கம்பியால் முன்னோக்கி மெல்ல அழுத்திப் பாருங்கள். கிராங்க் தண்டின் முனையிலுள்ள போல்ட்டில் ஸ்பேனர் வைத்தால் பின்னோக்கியும் சற்றே அசைத்துப் பார்க்கலாம். கம்பி ஒரு திசையில்தான் பிடிக்கும். நீண்ட குழாயைச் செருகி அதில் தொங்காதீர்கள்.

அப்போதும் அசையவில்லையா? சிலிண்டரின் மேல்மூடியைக் கழற்றுங்கள். பிஸ்டனுக்கு மேலே சுவரில் படிந்த துருவை முதலில் துடைத்தெடுக்க வேண்டும். இல்லையேல் மேலேறும் ரிங் அதில் மோதி உடையும். இந்த எந்திரத்தில் 1உம் 4உம் ஒன்றாக ஏறியிறங்கும். 2உம் 3உம் ஒன்றாக. இறங்க வேண்டிய பிஸ்டனின் மீது மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டினால் போதும். முதல் அசைவு ஒரு நூலளவுதான் இருக்கும்.

இந்த வேலையில் உங்கள் பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். "படிக்காவிட்டால் பட்டறைக்குத்தான் போகவேண்டும்" என்று நம் பெற்றோர் மிரட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மேற்சொன்னவற்றில் அறிவியல் பாடம் எத்தனை இருக்கிறது! துருப்பிடித்தல், உராய்வு, நெம்புகோல் எல்லாம் ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்குப் புரியக்கூடியவை. இன்றைய மகிழுந்துகளின் முன்மூடியைத் திறந்தால் கண்ணில் படுவது நெகிழி உறைதான். மோரிஸ் மைனரில் பிள்ளை விரலை நீட்டி "இது என்ன, அப்பா?" என்று கேட்க முடியும்.

எந்திரத்தை மாற்றுவோரை நான் குறைகூறவில்லை. நாள்தோறும் வேலைக்கு ஓட்டுவோருக்கு அதுவே வசதி. ஆனால் வண்டியின் பதிவில் எந்திர எண்ணும் இருக்கிறது; மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதல் வேண்டும். தாத்தாவின் எந்திரம் ஒருமுறை பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால் திரும்பி வராது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எந்திரம் சுற்றத் தொடங்கியதும் உடனே சாவியைத் திருப்பிவிடாதீர்கள். ஊற்றியதில் ஒரு பகுதி கீழே இறங்கி எந்திர எண்ணெயை நீர்க்கச் செய்திருக்கும். அதை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பல்லாண்டுப் பெட்ரோல் பிசினாகியிருக்கும், தொட்டியைக் கழுவுங்கள். பிளக்குகள் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுற்றி, எண்ணெய் அழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். நிறுத்தியும் பார்க்க வேண்டுமல்லவா, பிரேக்கையும் சரிபார்த்துவிடுங்கள். முதன்முறை எந்திரம் ஓடும்போது சிலிண்டரில் மிஞ்சிய எண்ணெயெல்லாம் வெண்புகையாய்க் கிளம்பித் தெருவையே மறைக்கும். அண்டை வீட்டாரிடம் முன்னதாகவே ஒரு சொல் சொல்லி வையுங்கள்; துணி காயப்போட்டிருப்பார்கள்.