அடுத்தவரின் அருவருப்பு

மனமொத்த வயதுவந்தோரின் தன்பாலுறவு குற்றமன்று என 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கே மாதங்களில், அன்றைய ராணுவத் தலைமைத் தளபதி பிபின் ராவத், ராணுவத்துக்குள் அதனை அனுமதிக்க மாட்டோம் என்றார். ராணுவம் பழமையைப் பேணும் அமைப்பு என்றும் விளக்கமளித்தார். அவருக்குச் சட்டமும் துணை நின்றது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டம், ‘இயற்கைக்கு மாறான’ இழிநடத்தைக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. படையினரின் அடிப்படை உரிமைகளைக் குறுக்க நாடாளுமன்றத்துக்கு அரசமைப்புச் சட்டத்தின் 33ஆவது உறுப்பு அதிகாரம் அளிக்கிறது.

படையின் ஒற்றுமை குலையும், கட்டுப்பாடு தளரும், பக்கத்துக் கட்டிலில் படுப்பவர் சங்கடப்படுவார் என்பனவே தடையை ஆதரிப்போரின் வாதங்கள். இவற்றுள் ஒன்றுகூட விலக்கப்படுபவரின் திறனைப் பற்றியதன்று; அடுத்தவரின் அருவருப்பைப் பற்றியது. அருவருப்பவர் பணியில் நீடிப்பார். அருவருக்கப்படுபவர் வெளியேற வேண்டும்.

இந்தத் தர்க்கத்தை நாம் நன்கறிவோம். பம்பாய்ப் படையில் தலைமுறைகளாகப் பணியாற்றிய மகர்களைச் சேர்ப்பதை 1890களில் ஆங்கிலேய அரசு நிறுத்தியது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் சுபேதாராக இருந்த ராணுவம் அது. ‘போர்க்குணச் சாதி’க் கோட்பாடும், சாதி இந்துச் சிப்பாய்கள் தீண்டப்படாதாரோடு கலந்து வாழமாட்டார்கள் என்னும் சாக்கும் அதற்குப் போதுமானவையாக இருந்தன. முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது கதவு திறந்தது; போர் முடிந்தபின் மீண்டும் மூடியது. 1941இல்தான் மகர் ரெஜிமென்ட் உருவானது. இடைப்பட்ட காலத்தில் மகர்களின் வீரம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அமெரிக்க அனுபவம் இன்னும் கசப்பானது. கறுப்பின வீரர்களைத் தனிப்பிரிவுகளில் ஒதுக்கிவைக்கும் முறைக்கு 1948இல் ட்ரூமனின் ஆணை முடிவுகட்டத் தொடங்கியது. அந்தப் பாதையில் உயர்ந்து, கூட்டுப்படைத் தலைமைக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவரானவர் கொலின் பவல். அவரே 1990களின் தொடக்கத்தில், தன்பாலீர்ப்பாளர் மீதான தடையை நீக்குவதை எதிர்த்தார். நிறவேறுபாட்டோடு இதை ஒப்பிடுவதையும் மறுத்தார். ‘கேட்காதே, சொல்லாதே’ என்னும் கொள்கை 1993இல் வந்தது. அதன்கீழ் 13,000க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். ஈராக் போர்க்காலத்தில் அரபு மொழி கற்றவர்களும் அவர்களுள் அடங்குவர். (அந்தப் போரின் நியாயம் வேறு விவாதம்.) பவல் 2010இல் தம் நிலையை மாற்றிக்கொண்டார். 2011 செப்டம்பர் 20 அன்று அக்கொள்கை முடிவுக்கு வந்தது. அஞ்சியவாறு படை குலைந்துவிடவில்லை.

இங்கோ, பணியிலிருந்து விலகித் தம்மைத் தன்பாலீர்ப்பாளரென வெளிப்படுத்திய ஓர் அதிகாரியின் வாழ்வைத் தழுவிய திரைக்கதைக்கு, 2022இல் பாதுகாப்பு அமைச்சகம் தடையில்லாச் சான்று தர மறுத்தது. ராணுவத்தில் அப்படியொருவர் இருந்தார் எனக் கதையாகச் சொல்லவும் அனுமதியில்லை.