பேசும் நதி

லத்தீன் அமெரிக்க நாவல் என்றதுமே மாய யதார்த்தம் என்று சொல்லிக் கடந்துவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பெரு நாட்டின் ஹொசே மரியா அர்கெதாஸ் 1958இல் எழுதிய 'ஆழ்ந்த நதிகள்' நாவலையும் அப்பெயரின் கீழ் வாசிப்பது பிழை என்றே நினைக்கிறேன். அதில் நதிகளுக்குக் குரல் உண்டு. அக்குரலில் மாயம் ஏதுமில்லை.

அபுரிமாக்கையே எடுத்துக்கொள்வோம். கெச்சுவா மொழியில் 'அபு' என்றால் தலைவன், மலைத்தெய்வம். 'ரிமாக்' என்றால் பேசுபவன். தெற்குப் பெருவின் மிஸ்மி மலைச்சரிவில் பிறக்கும் இந்நதிக்குப் பசிபிக் பெருங்கடல் 200 கிலோமீட்டருக்குள்தான். அதுவோ கடலுக்கு முதுகைக் காட்டி, மலைகளை அறுத்துக்கொண்டு வடக்கே இறங்குகிறது. ஏனே, தம்போ, உக்கயாலி எனப் பெயர் மாறி, அமேசானாகி அட்லாண்டிக்கில் கலக்கிறது. மேலே புல் மட்டுமே முளைக்கும் குளிர்ந்த மேட்டுநிலம். கீழே கள்ளியும் கரும்பும் வளரும் வெப்பப் பள்ளத்தாக்கு. அத்தகைய ஆழத்தில் ஓடும் நதி கண்ணில் படுமுன் காதில் விழுகிறது. அதற்குப் பேசுபவன் என்று பெயரிட்டவர்கள் கேட்டதைத்தான் சொன்னார்கள்.

கேட்பதோடு அவர்கள் நிற்கவுமில்லை. கெஸ்வாச்சாக்கா என்னுமிடத்தில் நான்கு ஊரார் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கூடி, மலைத்தெய்வங்களுக்குப் படையலிட்டு, புல்லைக் கயிறாகத் திரித்து நதியின் குறுக்கே தொங்குபாலம் கட்டுகிறார்கள். அருகிலேயே இரும்புப் பாலம் இருந்தும் இது நடக்கிறது. பெருந்தொற்றால் 2020இல் பணி தடைபட்டது. 2021 மார்ச்சில் பழைய பாலம் அறுந்து நதியில் விழுந்தது. ஜூனில் மறுபடி கட்டினார்கள். ஓராண்டு கை ஓய்ந்தால் அறுந்துபோகும் உறவு அது.

கெச்சுவா பேசும் பணியாளர்களிடையே வளர்ந்த அர்கெதாஸ், இந்த உறவைத்தான் ஸ்பானிய மொழியை வளைத்து எழுதினார். அதை அழகிய கற்பனை என்று நாம் பாராட்டும்போது, ஒரு மக்களின் அறிவை மரியாதையோடு தள்ளிவைக்கிறோம்.

2024 மார்ச்சில் பெருவின் நீதிமன்றமொன்று, ஆண்டிஸில் பிறக்கும் மற்றொரு நதியான மாரன்யோனுக்கு உரிமைகள் உண்டெனத் தீர்ப்பளித்தது. எண்ணெய்க் கசிவால் நதி நஞ்சாவதைக் கண்ட குக்காமா பெண்கள் தொடுத்த வழக்கு அது. நதியை உயிருள்ளதாகக் கருதும் மக்களின் சொல், சட்டத்தின் மொழியில் ஏறிவிட்டது. இலக்கிய வாசகர்களாகிய நாம் இன்னும் அதை உத்தி என்று அழைத்துக்கொண்டிருப்பது எவ்வகையில் நியாயம்?