பேலியகொடையில் ஒரு விலை, கைத்தொலைபேசியில் ஒரு விலை

இரவோடிரவாக வரும் லொறிகள் பேலியகொடை மனிங் சந்தையிலே மூடைகளை இறக்குகின்றன. 2020ஆம் ஆண்டு நவம்பரில் புறக்கோட்டையிலிருந்து பெயர்ந்து வந்த சந்தை அது. அங்கே வெங்காயத்தின் விலையை அன்றைய வரத்தே தீர்மானிக்கின்றது. கமக்காரனுக்கு அதில் வாயில்லை. நட்ட நாளில் எண்ணிய விலை வேறு, கிண்டிய நாளில் கிடைக்கும் விலை வேறு. இந்த இடைவெளியின் அச்சத்திலே பிறந்ததுதான் முன்பேர வணிகம். ஜப்பானிலே ஒசாக்கா நகரத்து டோஜிமா அரிசிச் சந்தைக்கு 1730ஆம் ஆண்டிலேயே அரசு அங்கீகாரம் கிடைத்தது. நம் நாட்டிலும் 1999இல் மத்திய வங்கி ‘கொவி சகனய’ என்ற பெயரில் முன்விற்பனை ஒப்பந்தத் திட்டமொன்றைத் தொடங்கியது.

நாணயத்திலும் இதே அச்சம் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று 203 ரூபா அளவில் நின்றது. மார்ச் 7ஆந் தேதி மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே நடுவில் அது 360 ரூபாவை எட்டியது. ஐம்பதினாயிரம் டொலருக்குச் சரக்கை இறக்கிக் கடனுக்குப் பற்றுச்சீட்டு வாங்கியவன் ஒரு கோடியே ஒன்றரை இலட்சம் என்று கணக்கிட்டிருப்பான். தவணை வந்தபோது ஒரு கோடியே எண்பது இலட்சம் கேட்டால் அவன் எங்கே போவான்? இத்தகைய வணிகன் நாணய விலையை முன்னரே நிச்சயித்துக்கொள்வது தற்காப்பு. அவனிடம் சரக்கு இருக்கிறது, கொடுக்கவேண்டிய கடனும் இருக்கிறது.

சரக்கும் இல்லாமல், கடனும் இல்லாமல், டொலர் ஏறுமா இறங்குமா என்று கைத்தொலைபேசியில் பந்தயம் பிடிப்பவனின் கதை வேறு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உத்தியோகம் பார்க்கும் நம் இளைஞரை இப்பந்தயம் இழுக்கின்றது என்பதே எமது கவலை.

அதன் கணக்கை விளங்கிக்கொள்வது கடினமன்று. ஆயிரம் டொலர் கட்டினால் நூறு மடங்கு, அதாவது இலட்சம் டொலருக்கு வாங்கலாம் என்கிறான் தரகன். விலை உம் பக்கம் நூற்றுக்கு ஒன்று நகர்ந்தால் பணம் இரட்டிக்கும். எதிர்ப்பக்கம் நூற்றுக்கு ஒன்று நகர்ந்தால் கட்டிய ஆயிரமும் போய்விடும். நாணய விலை அவ்வளவு நகர ஓரிரு நாளே போதும். “நட்டம் இவ்வளவைத் தாண்டினால் தானாக விற்றுவிடும்” என்ற ஏற்பாட்டையும் முழுதாக நம்புதற்கில்லை. 2015 ஜனவரி 15ஆந் தேதி சுவிற்சர்லாந்து மத்திய வங்கி தன் நாணயத்துக்கு இட்டிருந்த வரம்பைத் திடீரெனக் கைவிட்டது. அவ்வரம்பே கொள்கையின் மூலைக்கல் என்று அவ்வங்கியின் துணைத்தலைவர் கூறி மூன்று நாட்கள்தாம் ஆகியிருந்தன! நிமிடங்களிலே விலை பாய்ந்தது, இடையிலே வாங்குவாரில்லை, தரகு நிறுவனங்களே முறிந்தன.

இந்தியாவின் பங்குச்சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி, முன்பேரப் பங்குச் சந்தையில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனியாட்களின் மூன்றாண்டுக் கணக்கை 2024இல் வெளியிட்டது. நூற்றுக்குத் தொண்ணூற்றுமூவர் நட்டம். ஐரோப்பியக் கண்காணிப்பு அமைப்பு 2018இல் கண்டதும் ஏறக்குறைய அதுவே: நூற்றில் எழுபத்துநாலு முதல் எண்பத்தொன்பது கணக்குகள் வரை நட்டத்தில். கற்றுத் தருகிறோம் என்று கட்டணம் வாங்குவோர் இந்தக் கணக்கைப் பாடத்தில் சேர்ப்பார்களா?

இவ்வளவும் அறிந்த பின்னும் பழக விரும்புவோர் முதலிலே ஓராண்டு காகிதத்தில் எழுதி விளையாடட்டும். மனைவியின் தாலிக்கொடியையும், வெளிநாட்டுச் சகோதரன் அனுப்பும் காசையும், தோட்டத்துக்கு எடுத்த வங்கிக் கடனையும் இதிலே போடுவது மகா பாதகம். சட்டத்தையும் பார்க்கவேண்டும். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டப்படி, அந்நியச் செலாவணி வியாபாரம் செய்ய அதிகாரம் பெற்றோர் குறிப்பிட்ட சிலரே. உமது தரகர் அவர்களுள் ஒருவரா என்று வங்கி முகாமையாளரிடம் கேளும். “இன்னும் இருவரைச் சேர்த்துவிடு, பங்கு தருகிறோம்” என்று சொல்வானாயின், அது நாணய வணிகமே அன்று. வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவு தடைசெய்த கூம்புத் திட்டம். அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுக.

கமக்காரருக்கு வேண்டியது வேறு. வங்கி நடுவில் நிற்க, விலையும் அளவும் தவணையும் எழுத்தில் ஏறிய ஒப்பந்தம் அது. வடபகுதிக் கமக்காரர் சங்கங்கள் வெங்காயம் நடுவதற்கு முன்னரே பேலியகொடை மொத்த வியாபாரிகளை அழைத்து இதைப் பேசலாம். மூடை சந்தையில் இறங்கிய பிறகு பேசுவதற்கு என்ன இருக்கிறது?