குப்பியின் மேல் எழுதிய பெயர்

வேதியியல் செய்முறை வகுப்பில் பேரியம் குளோரைடு சேர்த்ததும் வெண்ணிற வீழ்படிவு தோன்றுகிறது. உடனே ‘சல்ஃபேட்’ என்று எழுதிவிடலாமா? கூடாது. கார்பனேட்டும் அதே வெண்மையைத் தரும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றி, வீழ்படிவு கரையாமல் நின்றால்தான் அது சல்ஃபேட். முதலாண்டு மாணவனிடம் எதிர்பார்க்கும் இந்த எச்சரிக்கை பெரிய ஆய்வுக்கூடங்களில் சில வேளை காணாமற் போகிறதே என்பதுதான் என் வருத்தம்.

நம் உடலிலும் சல்ஃபேட்டுக்கு வேலையுண்டு. பாராசிட்டமால் மாத்திரையை விழுங்கினால், அதன் ஒரு பகுதியோடு கல்லீரல் நொதிகள் சல்ஃபேட்டைச் சேர்த்துச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. அந்நொதிகளுள் ஒன்று ‘சல்ட் 1ஏ1’. திசுவில் அது உள்ளதா என்றறிய, அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ஆய்வாளர்கள் குப்பியில் விலைக்கு வாங்குகிறார்கள். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் உண்டாக்கும் முறையை 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் வெளியிட்டனர். 1984இல் நோபல் பரிசிலும் பங்கு பெற்றனர்.

ஆனால் இந்த நொதிக்கு ‘சல்ட் 1ஏ3’ என்றோர் உடன்பிறப்பு உண்டு. அமினோ அமில வரிசையில் இரண்டும் 90 சதவீதத்துக்கு மேல் ஒத்தவை. எடையும் ஏறக்குறைய ஒன்றே. வளர்ந்தவர்களின் கல்லீரலில் முன்னது மிகுதி. பின்னது அங்கே இல்லையென்றே சொல்லலாம், குடலில்தான் மிகுதி. நன்கு தேர்ந்தெடுக்கப்படாத எதிர்ப்பொருள் இரண்டையுமே பிடித்துவிடும். குப்பியின் மேலோ ஒரே பெயர்! அதை நம்பி, ஒரு மருந்து உடலில் எங்கே மாறுகிறது என்று முடிவு கட்டினால், அந்தப் பிழை அடுத்தடுத்த ஆய்வுகளுக்கும் பரவும்.

இது வீண் அச்சமன்று. 2023இல் வெளியான ஓர் ஆய்வில், 65 மனிதப் புரதங்களுக்கென விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்கள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ஏதேனும் ஒரு பயன்பாட்டிலாவது தவறின.

பரிகாரம் எளிது. குறிப்பிட்ட மரபணுவை நீக்கிய செல்லிலும் அதே எதிர்ப்பொருளை இட்டுப் பார்க்க வேண்டும். நொதியே இல்லாத அங்கும் அடையாளம் தெரிந்தால் அது பொய் சாட்சி. காசும் காலமும் செலவாகுமே என்பார்கள். தவறான முடிவின் மேல் ஆண்டுக்கணக்கில் உழைப்பதைவிட இது மலிவல்லவா? இச்சோதனையின் முடிவு இல்லாத கட்டுரையை ஆய்விதழ்கள் ஏற்கவே கூடாது என்பேன்.

நண்பர்களே! நாளை நம்முள் சிலர் ஆய்வுக்கூடம் புகுவோம். அன்று குப்பியின் பெயரைப் படித்ததோடு நின்றுவிடாமல், நம் செய்முறை வகுப்பின் அந்த இரண்டாம் சோதனையை நினைவில் கொள்வோம்.