மருந்து நிறுத்தவில்லை... எலிப்பொறி நிறுத்தியது!

எலிக்காய்ச்சல் என்றதும் நமக்கு மழைக்காலத்தில் வரும் லெப்டோஸ்பைரோசிஸ்தான் ஞாபகம் வரும். அது பாக்டீரியாவால் வருவது. எலிகள் பரப்பும் வைரஸ் காய்ச்சல்கள் தனி ரகம். ரத்தக்கசிவு வரை கொண்டுபோய் விடும். அதில் ஒன்று, பொலிவியாவின் மச்சுப்போ வைரஸ்.

தென் அமெரிக்க நாடான பொலிவியாவின் பெனி பகுதியில் சான் ஹோவாகின் என்று ஒரு சின்ன ஊர். சுற்றுவட்டாரத்தில் 1959-லேயே தலைகாட்டிய மர்மக் காய்ச்சல், 1962-ல் ஊருக்குள் புகுந்தது. முதலில் உடம்புவலி, பிறகு கை நடுக்கம், ஈறிலும் மூக்கிலும் ரத்தம். ‘கறுப்பு டைபஸ்’ என்று மக்கள் பெயர் வைத்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

பனாமாவில் இருந்த அமெரிக்க ஆய்வுக்கூடத்திலிருந்து கார்ல் ஜான்சன், ரான் மெக்கன்சி ஆகியோர் வந்தார்கள். கொசு, உண்ணி மீதுதான் முதல் சந்தேகம். தேடிக்கொண்டிருக்கும்போதே, 1963-ல் இரண்டு பேருக்கும் அதே காய்ச்சல்! பனாமாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, எப்படியோ பிழைத்தார்கள். ஜான்சன் திரும்பவும் அந்த ஊருக்கே வந்தார் என்பதுதான் ஆச்சர்யம். பின்னாளில், 1976-ல் எபோலாவை ஆராய்ந்த சர்வதேசக் குழுவின் தலைவரும் இவரே.

இறந்துபோன ஒருவரின் மண்ணீரலில் வைரஸ் சிக்கியது. பக்கத்து ஆற்றின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அதைச் சுமந்து திரிந்தது, வீடுகளுக்குள் ஓடிய ஒருவகைச் சுண்டெலி. அதன் சிறுநீர் பட்ட உணவும் தூசியும் போதும், நோய் வர.

ஊரில் பூனைகளே அருகிப் போயிருந்தன. மலேரியா ஒழிப்புக்கு அடித்த டி.டி.டி-யில் அவை செத்துவிட்டன என்று அப்போது பேசப்பட்டது. பூனை இல்லாத வீட்டில் எலிக்கு என்ன பயம்?

1964-ல் வீடு வீடாக எலிப்பொறி வைத்தார்கள். சில வாரங்களிலேயே புது நோயாளிகள் வருவது நின்றுபோனது. தடுப்பூசியும் இல்லை, மாத்திரையும் இல்லை.

ஆனால், கதை அதோடு முடியவில்லை. 1994-ல் அதே பெனியில், மக்தலேனா என்ற ஊரில் ஒரே குடும்பத்தில் ஏழு பேருக்கு இந்தக் காய்ச்சல் வந்தது. ஆறு பேர் இறந்துபோனார்கள்.

பரணிலோ ஸ்டோர் ரூமிலோ எலிப் புழுக்கை கிடந்தால், துடைப்பத்தை எடுத்துக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள். தூசி மூக்கில் ஏறும். கையுறை போட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.