அறைக்குள் பூட்டப்பட்ட காவலாளி

ஆன்டிவைரஸ் இல்லாத கணினியை இணையத்தோடு இணைக்கக் கூடாது என்பது, விண்டோஸ் கணினிகள் வீடுகளுக்குள் வந்த காலத்திலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லி ஊறவைக்கப்பட்ட பாடம். திறன்பேசியும் டேப்லெட்டும் பரவியபோது அந்தப் பாடம் எவ்வித மறுவிசாரணையும் இன்றி அவற்றின்மேலும் ஏற்றப்பட்டது. புதிய பேசியை விற்கும் கடைக்காரர் அதோடு ஓராண்டுப் பாதுகாப்புச் சந்தாவையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா என்னும் மையம், சி-டாக் உருவாக்கிய எம்-கவச் என்ற பாதுகாப்புச் செயலியை மக்களுக்குப் பரிந்துரைத்தது. இவ்வளவு பேர் ஒரே குரலில் சொல்வதை வீண் என்று தள்ளுவது துணிச்சலாகத் தோன்றலாம். ஆயினும், அந்தக் கருவி எந்த வேலைக்காகப் பிறந்ததோ அந்த வேலையைச் செய்ய இயலாத இடத்தில் அது வைக்கப்பட்டிருக்கிறது என்பதும், ஆபத்து வேறொரு வாசல் வழியாக நுழைந்துகொண்டிருக்கையில் அது மக்களின் கவனத்தை மூடிக்கிடக்கும் வாசலில் நிறுத்திவைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பழைய விண்டோஸ் கணினியில், பயனர் திறந்த எந்த நிரலும் அவருடைய கோப்புகள் அனைத்தையும் படிக்கவும் திருத்தவும் அழிக்கவும் முடிந்தது. வைரஸ் என்னும் பெயருக்கு உரிய நச்சுநிரல், அதாவது தன்னைப் பிற நிரல்களோடு ஒட்டிக்கொண்டு தானே பெருகும் நிரல், அந்தத் தடையற்ற வெளியில்தான் வளர்ந்தது. அதை எதிர்க்க வந்த ஆன்டிவைரஸும் அதே சுதந்திரத்தைப் பயன்படுத்திக்கொண்டு, இயங்குதளத்தின் அடித்தளமான கெர்னல் வரை இறங்கி, ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும் கணத்தில் குறுக்கே நின்று சோதித்தது. திருடனுக்கும் காவலருக்கும் ஒரே அளவு நடமாட்டம் இருந்த அந்த ஏற்பாட்டில் காவலரை வைத்துக்கொள்வதற்கு ஒரு நியாயம் இருந்தது. கைப்பேசியில் நிலைமை தொடக்கத்திலேயே வேறுபட்டது. கைப்பேசிகளுக்கான முதல் புழுநிரலாகக் கருதப்படும் கபீர், 2004-இல் சிம்பியன் பேசிகளில் புளூடூத் வழியே பரவியபோதுகூட, பேசிக்காரர் ஏற்றுக்கொள்ளும் பொத்தானை அழுத்தாமல் அதனால் உள்ளே நுழைய முடியவில்லை. இருபதாண்டுக் கதையின் சாரம் முழுவதும் அந்தப் பொத்தானில் ஏற்கெனவே இருந்தது எனலாம்.

ஆண்ட்ராய்டு இயங்குதளம் லினக்ஸ் கெர்னலின் மேல் கட்டப்பட்டது. பல பயனர்கள் பகிரும் கணினியில் ஒருவர் கோப்பை மற்றவர் தொடாதிருக்க லினக்ஸ் ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் எண் கொடுக்கும். ஆண்ட்ராய்டு அந்த எண்ணை ஆட்களுக்கு மாறாகச் செயலிகளுக்கு வழங்கி, ஒவ்வொரு செயலியையும் மற்றொன்றின் கண்ணுக்கு அந்நியனாக்கியது. சாண்ட்பாக்ஸ் எனப்படும் இந்தத் தனித்தடுப்பு முறையால், வங்கிச் செயலி சேமித்த தரவை ஒரு விளையாட்டுச் செயலி சாதாரண நிலையில் எட்டிப்பார்க்க இயலாது. 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல், எஸ்இலினக்ஸ் என்னும் கட்டாயக் கட்டுப்பாட்டு அடுக்கு இயங்குதளம் முழுவதிலும் இதற்குமேல் அமர்ந்தது. ஐபோனில் சுவர்கள் இன்னும் உயரமானவை. ஆப்பிள் கையொப்பமிடாத நிரல் அங்கே இயங்கவே அனுமதி இல்லை. இந்த அமைப்பில் ஆன்டிவைரஸும் ஒரு செயலிதான் என்பதே எல்லாரும் மறந்துவிடும் செய்தி. குடியிருப்பைக் காக்க வந்தவரை மற்றக் குடித்தனக்காரர்களைப் போலவே ஓர் அறைக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டால் அவர் எதைக் காப்பாரோ அதைத்தான் இந்தச் செயலியும் காக்கிறது.

அப்படியானால் "ஸ்கேன்" என்ற பொத்தானை அழுத்தியதும் திரையில் ஓடும் அந்தப் பச்சைக் கோடு என்ன செய்கிறது? நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலையும் அவற்றின் நிறுவல் தொகுப்புகளையும் எடுத்து, தீயவை என அறியப்பட்டவற்றின் அடையாளங்களோடு ஒப்பிடுகிறது. பொதுச் சேமிப்பிடத்துக்கு அனுமதி கொடுத்திருந்தால் அங்குள்ள கோப்புகளையும் பார்க்கிறது. 2020-இல் ஆண்ட்ராய்டு 11 அந்தப் பட்டியலையும் பிற செயலிகளிடமிருந்து மறைத்தபோது, ஆன்டிவைரஸ்கள் தனிச்சலுகையின் பேரிலேயே அதைத் தொடர்ந்து காண முடிந்தது. ஐயத்துக்குரிய செயலி கண்டுபிடிக்கப்பட்டாலும் அதைத் தானாக நீக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. நீக்குமாறு உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ள மட்டுமே முடியும். இதே ஒப்பீட்டை, இயங்குதளத்தின் உறுப்பாக இருந்துகொண்டு, தேவைப்பட்டால் செயலியை முடக்கவும் அகற்றவும் வல்லதாய், பிளே புரொடெக்ட் என்னும் வசதி 2017 முதல் அந்தப் பெயரில் கூடுதல் கட்டணம் இன்றிச் செய்து வருகிறது. ஐபோனிலோ பிற செயலிகளைச் சோதிக்கும் வழியே கிடையாது. 2015-இல் ஆப்பிள், இன்டெகோ நிறுவனத்தின் வைரஸ்பேரியர் செயலியை ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கியது. இன்று அங்கே பாதுகாப்பு என்னும் தலைப்பில் விற்கப்படுவன விபிஎன், தொல்லை அழைப்புத் தடுப்பு, கடவுச்சொல் கசிவு அறிவிப்பு போன்றவையே. அவற்றுக்குப் பயன் இருக்கலாம். ஆனால் அவை ஆன்டிவைரஸ் அல்ல.

இந்தச் சந்தையின் தரம் எத்தகையது என்பதற்குப் பதிவான சான்றுகள் உண்டு. 2014-இல் வைரஸ் ஷீல்டு என்ற செயலி 3.99 டாலர் விலையில் பத்தாயிரம் பேருக்குமேல் விற்பனையாகி, கூகுள் பிளேயின் விற்பனைப் பட்டியலில் முன்னணிக்கும் வந்தது. திரையில் தொட்டவுடன் பெருக்கல் குறியைச் சரிக்குறியாக மாற்றுவதைத் தவிர அது எதையும் செய்யவில்லை என ஆண்ட்ராய்டு போலீஸ் இதழ் அம்பலப்படுத்திய பின்னரே, கூகுள் பணத்தைத் திருப்பித் தந்தது. ஒன்றுமே செய்யாத ஒரு செயலியை வாங்கியவர்கள், எதுவும் நேரவில்லை என்பதால் அது வேலை செய்வதாகவே நம்பினார்கள் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆய்வகம் 2019-இல் 250 ஆண்ட்ராய்டு ஆன்டிவைரஸ் செயலிகளை 2,000 தீநிரல்களைக்கொண்டு சோதித்தபோது, வெறும் 80 செயலிகளே முப்பது விழுக்காட்டுக்குமேல் கண்டறிந்தன. மீதமுள்ளவற்றுள் சில, நிரலை ஆராயாமல் பெயரைப் பார்த்தே நல்லது கெட்டது என்று தீர்ப்பளித்தன. தம் பெயரை நல்லவற்றின் பட்டியலில் சேர்க்க மறந்ததால், தம்மையே ஆபத்து என்று அறிவித்துக்கொண்டவையும் அவற்றுள் இருந்தன. நகைச்சுவை எழுத்தாளர் எவரும் இதைக் கற்பனை செய்திருக்க மாட்டார்.

பயனின்மையோடு நின்றிருந்தால் இதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். ஆனால், அச்சமே தூண்டிலாகிவிட்டது. வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் ஷார்க்பாட் என்ற தீநிரல், ஆன்டிவைரஸ் வேடமிட்ட ஆறு செயலிகளின் வழியே கூகுள் பிளேயிலேயே பரவியதைச் செக் பாயின்ட் நிறுவனம் 2022-இல் வெளிப்படுத்தியது. பெயர்பெற்ற நிறுவனமும் இதற்கு விலக்காக இல்லை. அவாஸ்ட் தன் மென்பொருள் வழியே திரட்டிய உலாவல் விவரங்களை ஜம்ப்ஷாட் என்ற துணைநிறுவனம் மூலம் விற்றது 2020 தொடக்கத்தில் வெளியானதும் அந்தத் துணைநிறுவனம் மூடப்பட்டது. 2024-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் அவாஸ்ட் 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்றது. எல்லாவற்றையும் பார்க்கும் அனுமதியை ஒரு செயலிக்குக் கொடுத்துவிட்டு, அது பார்த்ததை என்ன செய்கிறது என்று கேட்காதிருப்பது பாதுகாப்பு ஆகாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது முறையன்று. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் 2021-இல் நடத்திய நீண்ட சோதனையில், பிளே புரொடெக்ட் தீநிரல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மட்டும் பிடித்து, முன்னணி நிறுவனங்களின் செயலிகளுக்கெல்லாம் பின்னால் கடைசி இடத்தில் நின்றது. ஆனால், இத்தகைய சோதனைகளில் தீநிரல் ஆய்வாளரின் கையால் பேசியில் ஏற்றப்படுகிறது. வெளியிடத்துச் செயலியை நிறுவ மறுக்கும் இயல்பு அமைப்பு, அனுமதி கேட்கும் திரைகள் ஆகிய தடைகளையெல்லாம் தாண்டிவந்த நிலையிலிருந்தே கணக்குத் தொடங்குகிறது. அத்தடைகளைத் தாமே திறந்துவிடும் பழக்கமுள்ளவருக்கும், கூகுள் சேவைகளே இல்லாத பேசியை வைத்திருப்பவருக்கும் நல்ல நிறுவனம் ஒன்றின் இரண்டாம் பார்வை பயன்படலாம் என்பதை ஏற்கத் தடையில்லை. அந்தச் சிறு விதிவிலக்கை அனைவருக்குமான விதியாக்கி விற்பதுதான் கண்டனத்துக்குரியது.

இந்தியாவில் பேசி வழியே பணம் பறிபோகும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். திருமண அழைப்பிதழ் என்றும், போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும், வங்கியின் கேஒய்சி புதுப்பிப்பு என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியின் நிறுவல் தொகுப்பு, வந்துசேர்கிறது. அதைத் தொட்டவர், அறியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கிறார். பின் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கிறார். சிலவேளை, பார்வைக் குறைபாடு உள்ளோருக்காகத் திரையைப் படிக்கவும் பொத்தான்களை அழுத்தவும் உருவாக்கப்பட்ட அணுகல்தன்மைச் சேவையையும் திறந்து கொடுக்கிறார். அதன்பின் ஓடிபி மோசடிக்காரருக்குப் போய்ச்சேர எந்தச் சுவரையும் உடைக்கத் தேவையில்லை. அடையாளம் கண்டுபிடிக்கப்பட்டதும் கோப்பைச் சற்றே மாற்றி மறுபடி அனுப்ப அவர்களுக்கு அதிக நேரமும் ஆகாது. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எச்சரித்த எனிடெஸ்க் மோசடியில் பயன்பட்டதோ தீநிரலே அன்று. தொலைவிலிருந்து திரையை இயக்கும் முறையான செயலி அது, எந்த ஆன்டிவைரஸும் அதைக் குற்றவாளி எனச் சொல்ல முகாந்திரமில்லை. காவல் அதிகாரி வேடத்தில் காணொளி அழைப்பில் வந்து மிரட்டும் "டிஜிட்டல் கைது" மோசடிக்குச் செயலியே தேவைப்படவில்லை.

மறுமுனையில் இருப்பவை அரசுகளின் கையிலுள்ள உளவுக் கருவிகள். என்எஸ்ஓ நிறுவனத்தின் பெகாசஸ், ஐபோனின் ஐமெசேஜ் வழியே, உரிமையாளர் எதையும் தொடாமலே உள்ளே புகுந்ததை டொரன்டோவின் சிட்டிசன் லேப் 2021-இல் கண்டறிந்தது. பூட்டிய அறைக்குள் இருக்கும் செயலியால் இயங்குதளத்தையே கைப்பற்றிய நிரலைக் காண இயலாது. ஆப்பிள் அந்த ஆண்டு செப்டம்பரில் வெளியிட்ட ஐஓஎஸ் 14.8 என்னும் திருத்தமே அந்த ஓட்டையை அடைத்தது. 2015-இல் ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃபிரைட் என்னும் ஊடகக் கூறில், ஒரு எம்எம்எஸ் செய்தியாலேயே தாக்க வழிதரும் பிழைகள் வெளிப்பட்டபோதும் மருந்து அதுவே. கூகுள் மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தம் வெளியிடும் வழக்கம் அப்போதுதான் தொடங்கியது.

ஆகவே பேசி வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி, இதற்குத் திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும் என்பதே. 2023-இன் பிக்சல் 8, 2024-இன் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றுக்கு ஏழாண்டு உறுதி தரப்பட்டிருக்கிறது. மலிவுப் பேசிகள் பலவற்றுக்கு அந்தக் காலம் மிகக் குறைவு. பிரிட்டன் 2024 ஏப்ரல் முதல் இந்தக் காலவரையறையை வாங்குவோருக்குத் தெரிவிக்க வேண்டும் எனச் சட்டமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனிலிருந்து, ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பின்னும் குறைந்தது ஐந்தாண்டு திருத்தம் கிடைக்க வேண்டும் என விதித்தது. இங்கே கடைக்காரர் பேசியோடு சேர்த்து நீட்டும் சந்தா அட்டையில் அந்தத் தேதி அச்சிடப்பட்டிருப்பதில்லை. வாங்குபவரும் அதைக் கேட்பதில்லை.