கையெழுத்துக்கு முன் ஒரு வாரம்

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வெளியூர்ச் சொந்தங்கள் பை தூக்கும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு எழும். "வாரிசுச் சான்று வந்ததும் போன் பண்றேன். வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிரும்மா" என்பார் அண்ணன். தங்கையும் சரியென்று தலையாட்டுவாள். எந்தப் பத்திரம், எவ்வளவு பங்கு, யார் பெயருக்கு என்று அவள் கேட்பதில்லை. அப்பா போன வீட்டில் அதைக் கேட்பது தப்பென்று அவளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறோம்.

கேட்பது தப்பே இல்லை என்று சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பெண் என்றால் ஆளுக்குக் கால் பங்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு இடம் கிடைக்கக் கூடுதல் காலம் பிடித்தது. தமிழ்நாடு 1989இல் சட்டம் திருத்தியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்கள் அதில் சேரவில்லை. 2005இல் மத்திய அரசு செய்த திருத்தம் அந்தப் பாகுபாட்டைப் போக்கியது. திருத்தம் வந்த நாளில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இத்தனை காலம் எடுத்து வந்து சேர்ந்த உரிமை, சார் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு காலைப் பொழுதில் விடுதலைப் பத்திரமாகிக் கைமாறிவிடுகிறது.

அந்தக் காலைப் பொழுதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முதல் பஸ் பிடித்து வந்த பெண், கையில் ஆதார் அட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பத்திர எழுத்தர் தாள்களைப் புரட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பென்சிலால் காட்டுகிறார். சொத்து விவரமும் நான்கு எல்லையும் ஒரே மூச்சில் வாசிக்கப்படுகின்றன. "மேற்படி சொத்தில் எனக்கோ என் வாரிசுகளுக்கோ இனி யாதொரு பாத்தியமும் இல்லை" என்ற வரி வரும்போது அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். உள்ளே கூப்பிட்டுப் போட்டோ எடுக்கிறார்கள், கைரேகை வாங்குகிறார்கள். "எழுதிக் கொடுத்தது நீங்கதானேம்மா? கையெழுத்து உங்களோடதுதானே?" என்று பதிவாளர் கேட்கிறார். ஆமாம் என்கிறார். வேலை முடிந்தது. எழுதிக் கொடுத்தவர் இவர்தானா, அதை ஒப்புக்கொள்கிறாரா என்று பார்ப்பது பதிவாளரின் கடமை. பங்கு நியாயமாகப் பிரிந்ததா என்று விசாரிப்பது அவர் வேலை அல்ல. அந்தக் கேள்வியை வீட்டிலேயே கேட்டு முடித்திருக்க வேண்டும்.

விட்டுக்கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. படுக்கையில் கிடந்த அப்பாவை ஆண்டுக்கணக்கில் தூக்கிக் குளிப்பாட்டிய தம்பிக்கு அக்கா தன் பங்கை மனதார எழுதிக் கொடுப்பது உயர்ந்த காரியம். தனக்கு உரிமை இருக்கிறது, அதன் மதிப்பு இவ்வளவு என்று தெரிந்து கொடுத்தால்தான் அது அவள் கொடுத்ததாகும். தெரியாமல் போட்ட கையெழுத்தில் அவள் பெருந்தன்மைக்கு இடமே இல்லாமல் போகிறது.

பணம் வாங்காதவர்கூட 'ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடுவதுண்டு. நாளை வழக்கென்று வந்தால் அந்த வரியே அவருக்கு எதிராக நிற்கும். வாங்கினால் வாங்கிய தொகையை எழுதுங்கள், அதையும் வங்கி மூலம் வாங்குங்கள். வாங்காவிட்டால் பாசத்தால் விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் பத்திரம் செல்லும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தலா ஒரு சதவீதம்தான். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் தீர்வைக்கு 40,000 ரூபாய், கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு இருக்கிறது. உள்ளதை உள்ளபடி எழுதத் தயங்க வேண்டியதில்லை.

என்னை அதிகம் உறுத்துவது அம்மாவின் கையெழுத்து. மகளோடு சேர்த்து அம்மாவிடமும் எழுதி வாங்கிவிடுகிறார்கள். நேற்றுவரை வீட்டுக்காரியாக இருந்தவர், பதிவு முடிந்ததும் மகன் வீட்டில் தங்கியிருப்பவராகிவிடுகிறார். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பார்த்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை வாங்கியவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்துசெய்ய வழிவிடுகிறது. ஆனால் 2022 டிசம்பரில், ஒரு தாய் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திர வழக்கில், அப்படியொரு நிபந்தனைக்கு உட்பட்டு எழுதியதாக நிறுவாததால் அந்தப் பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம் முதியவர் பக்கம் இளகி நின்று தானப் பத்திரத்தை ரத்துசெய்தது. நீதிபதியின் மனதை நம்பி அம்மாவை விட்டுவைப்பானேன்? ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும், அவரைப் பராமரிக்கும் பொறுப்பும் பத்திரத்திலேயே இருக்கட்டும். இரண்டு வரிதான் கூடும். அம்மா தன் பங்கை விடாமலேயே வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பதிவான விடுதலைப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவர் மட்டும் போய் ரத்துசெய்துவிட முடியாது. ஏமாற்றி வாங்கினார்கள் என்றால் சிவில் நீதிமன்றம்தான் வழி. விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். கூடப் பிறந்தவன் மீது வழக்குப் போட்டுப் பிறந்த வீட்டு வாசலை இழக்க எத்தனை பெண்கள் துணிவார்கள்?

ஆகவே அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். பத்திரத்தின் நகலை ஒரு வாரம் முன்னதாகவே சகோதரிக்கு அனுப்பிவையுங்கள். வழிகாட்டி மதிப்பு இவ்வளவு, வெளியே விலை இவ்வளவு, உன் பங்கு இவ்வளவு என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். வக்கீலிடம் காட்ட வேண்டுமென்றால் காட்டட்டும். யோசித்துவிட்டு அவள் முடியாது என்றால், பிணக்கின்றிப் பாகம் பிரியுங்கள். சகோதரிகளே, கேளுங்கள். கேட்டதற்காக முகம் திருப்புகிற உறவு, கேட்காமல் கையெழுத்துப் போட்டாலும் உங்களுக்கு நிலைக்காது.